விடுதலையான பிறகு டிஎன்ஏ பதிவை அழிக்கக் கேட்பது எப்படி

கைதானபோது எடுத்த ரத்த மாதிரியிலிருந்து வந்த டிஎன்ஏ விவரம், வழக்கில் விடுதலையாகிவிட்டால் தானாக அழிந்துவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளம் காணல் சட்டம், விரல்ரேகை முதல் உயிரியல் மாதிரியின் ஆய்வு முடிவு வரை எல்லாவற்றையும் 'அளவீடுகள்' என்று சேர்த்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர், குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவர், விடுதலையானவர் ஆகியோரின் பதிவை அழித்தாக வேண்டும் என்று 4(2) பிரிவு சொல்வது உண்மை. ஆனால் விதிகளின்படி, இதற்கென மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரியான நோடல் அதிகாரியிடம் கோரிக்கை போக வேண்டும். சட்டம் தந்த உரிமைக்கு மனுப் போட வைப்பது நியாயமில்லைதான், ஆனாலும் போட்டுவிடுங்கள்.

முதலில் பழைய தண்டனை ஏதும் உண்டா என்று பாருங்கள். சிறைக்குப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. சிறைத்தண்டனைக்கு இடமுள்ள எந்தக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதை ஒப்புக்கொண்டு கோர்ட்டில் அபராதம் மட்டும் கட்டியவர் இங்கேதான் மாட்டுவார், ஏனென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் ஆறு மாதச் சிறைக்கும் வழியுண்டு.

அடுத்தது, மேல்முறையீட்டு வாய்ப்புகள் தீர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் சிக்கக்கூடிய இடம் இதுதான். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம். பாதிக்கப்பட்டவரும் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு வந்த மறுவாரமே மனுப் போட்டால், 'மேல்முறையீட்டுக் காலம் முடியவில்லை' என்று திருப்புவதற்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும். 90 நாள் கழித்து, இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயராலும் குற்ற எண்ணாலும் தேடி, மேல்முறையீடு எதுவும் இல்லை என்று காட்டும் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள்.

சேர்க்க வேண்டியவை: எஃப்ஐஆர் நகல், தீர்ப்பின் சான்றிட்ட நகல், அந்த அச்சுப் பக்கம், முன்தண்டனை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், அடையாள அட்டை நகல். போலீஸே வழக்கைக் கைவிட்டிருந்தால் ஆர்.சி.எஸ். (வழக்கை முடித்துவைக்கும் போலீஸ் அறிக்கை) நோட்டீஸ் மட்டும் போதாது. அந்த அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்ற உத்தரவின் நகலும் வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள். பதிவை வைத்திருக்கும்படி நீதிமன்றம் காரணம் எழுதி உத்தரவிட்டிருந்தால், அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

மனுவில் கதை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "மேற்படி காவல் நிலையக் குற்ற எண்ணில் கைதான என்னிடம் இன்ன தேதியில் ரத்த மாதிரி எடுக்கப்பட்டது. இன்ன தேதியில் விடுதலை செய்யப்பட்டேன். மேல்முறையீடு இல்லை. எனக்கு முன்தண்டனை இல்லை. 4(2) பிரிவின்படி என் டிஎன்ஏ உள்ளிட்ட எல்லா அளவீடுகளையும், மாநில முகமையிடம் உள்ள பதிவையும் சேர்த்து அழித்து, எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கோருகிறேன்." பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நோடல் அதிகாரி யாரென்று தெரியாவிட்டால் உள்துறைக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வேறு எந்தக் குற்ற வழக்கோடும் அந்தப் பதிவு இணைந்திருக்கவில்லை என்று சரிபார்த்த பிறகே நோடல் அதிகாரி அழிக்கும்படி காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். உங்கள் மேல் நிலுவையில் வேறு எஃப்ஐஆர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். 'சந்தேகத்தின் பலனில்தானே விடுதலை' என்று யாராவது மறுத்தால் ஏற்காதீர்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. எஃப்ஐஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகிறவர்கள் அழிப்புக்கான உத்தரவையும் அந்த மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் 4(2) பிரிவில் 'ரத்து' என்ற சொல் இல்லை.

பதில் வரவில்லையென்றால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அப்போது ஒப்புகை அட்டைதான் முதல் ஆவணம்.