வீட்டு அறையில் ஒரு கன்ட்ரி பாட்டு: பதிவிலிருந்து மிக்ஸ் வரை

1927 கோடையில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர், அமெரிக்காவின் டென்னஸி – வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊருக்குப் பதிவுக் கருவிகளோடு போனார். அங்கே ஸ்டூடியோ எதுவும் கிடையாது. ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடத்தில் மைக்கை வைத்து, சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவர்களைப் பாடச் சொன்னார். பின்னாளில் கன்ட்ரி இசையின் முதல் நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசை வளர்ந்த கதையே இப்படி இருக்க, வீட்டு அறை போதாது என்று தயங்க வேண்டியதில்லை.

கன்ட்ரி பாட்டில் கதைதான் எல்லாம். பாடுபவர் சொல்வது ஒரு சொல் விடாமல் காதில் விழ வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒன்றை வைத்துத்தான் எடுக்கிறேன்.

தேவையானவை

ஒரு மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், கணினி. கண்டென்ஸர் மைக் (வேலை செய்ய மின்சாரம் தேவைப்படும் வகை) என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டனைப் போட மறக்காதீர்கள். அறையில் எதிரொலி அதிகமா? ஷூர் எஸ்எம்57 மாதிரியான டைனமிக் மைக்கே நல்லது, அது அறைச் சத்தத்தைக் குறைவாகத்தான் பிடிக்கும். பதிவு செய்யும் மென்பொருளுக்கு, மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். மற்றவர்கள் ரீப்பரை 60 நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பாட்டை எண்களில் எழுதுங்கள்

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்விலின் ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) பெயரால் எழுதாமல் எண்ணால் எழுதுவார்கள். 1950களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் உருவாக்கிய முறை அது. ஜி ஸ்கேலில் ஜி என்பது 1, சி என்பது 4, டி என்பது 5. தாளில் ‘1 1 4 1 / 1 1 5 5’ என்று எழுதினால் ஒவ்வோர் எண்ணும் ஒரு பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று. இதன் அருமை பதிவு நாளில்தான் தெரியும். ஜியில் தொண்டை எட்டவில்லை, எஃபுக்கு இறக்க வேண்டும் என்றால் தாளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

ஸ்கேலை முடிவு செய்யும்போது பல்லவியின் உச்ச வரியை மட்டும் பார்க்காதீர்கள். சரணத்தின் தாழ்ந்த வரியையும் பாடிப் பாருங்கள். கதை தொடங்குவது அங்கேதான், அங்கே குரல் முணுமுணுப்பாகிவிடக் கூடாது.

அறை

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் உறுமல் கேட்கிறதா என்று ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் மெத்தையை நிறுத்துவார்கள். ஆனால் பெரும்பாலான மைக்குகள் முன்பக்கம்தான் கேட்கும், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் அவை பார்க்கின்றன. தடிமனான கம்பளியையோ ஜமுக்காளத்தையோ அந்தப் பக்கம் தொங்கவிடுங்கள்.

கிட்டார்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. நான் முதலில் மைக்கைக் கிட்டார் ஓட்டைக்கு நேரே வைத்தேன். சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று கணக்கு. கேட்டால் பானைக்குள் இருந்து வருவது போல ‘கும்கும்’ என்று ஒரே அடைப்பு. மிக்ஸில், அதாவது பதிவானதையெல்லாம் கலக்கும்போது, அதைச் சரிசெய்ய இரண்டு இரவு போராடியும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மைக்கை 12ஆவது ஃபிரெட்டுக்கு எதிரே, ஒரு சாண் தள்ளி நகர்த்தியதும் கம்பியின் மினுமினுப்பும் கட்டையின் கதகதப்பும் சேர்ந்தே வந்தன. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வேறொருவரை வாசிக்கச் சொல்லி, மைக்கை விரற்கடை விரற்கடையாக நகர்த்திக் கேளுங்கள்.

மிகப் பலமாக வாசிக்கும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் கிளிக் ஓடட்டும். கட்டைவிரலால் அடிக்கம்பி, பிறகு மேல்கம்பிகளில் ஒரு வீச்சு, அதுதான் ‘பூம்-சிக்’.

டிரம்ஸ் இல்லையே என்று கவலை வேண்டாம். 1950களில் மெம்ஃபிஸின் சன் ஸ்டூடியோவில் பாடகர் ஜானி கேஷ் தன் கிட்டார் கம்பிகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி, ஸ்னேர் டிரம் தட்டுவது போன்ற ஒலியை வரவழைத்தார். ஒரு காகிதத்தை மடித்துக் கம்பிகளுக்கு மேலும் கீழுமாகச் செருகி, தனி டிராக்காகப் பதிவு செய்து பாருங்கள். எனக்கு விலைகொடுத்து வாங்கிய டிரம் லூப்புகளைவிட இதுதான் பிடிக்கும்.

இரண்டாவது கிட்டார் வேண்டுமென்றால் அதே கார்டுகளை அதே இடத்தில் வாசிக்காதீர்கள். 5ஆவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கிளிப்) போட்டு டி வடிவத்தைப் பிடித்தால் அது ஜியாக ஒலிக்கும். ஒலி மேலே ஏறிவிடுவதால் இரண்டும் முட்டிக்கொள்ளாது.

குரல்

வாயிலிருந்து 15 – 20 சென்டிமீட்டர், நடுவில் மூச்சுக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். பாட்டை முழுதாக நான்கு தடவை பாடுங்கள், பிறகு வரி வரியாக நல்லதைத் தேர்ந்தெடுங்கள். சொல் சொல்லாக வெட்டி ஒட்டாதீர்கள், மூச்சும் கதையும் அறுந்துவிடும். பிட்ச் (சுருதி) திருத்தும் கருவியையும் அளவோடு பயன்படுத்துங்கள். ஒரு சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுவது கன்ட்ரி பாட்டின் உயிர், அதைக் கருவி தவறு என்று எண்ணித் தட்டையாக்கிவிடும்.

பல்லவிக்கு மட்டும் மூன்றாம் சுர இடைவெளியில் மேலே ஒரு துணைக்குரல் பாடி, முதன்மைக் குரலைவிட நன்றாகத் தாழ்த்தி வையுங்கள்.

மிக்ஸ்

எல்லா ஃபேடரையும் (டிராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் நகர்த்தி) இறக்கிவிட்டு, குரலை மட்டும் முதலில் ஏற்றுங்கள். அடுத்து கிட்டார். இந்த இரண்டிலேயே பாட்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு எதைச் சேர்த்தாலும் நிற்காது.

ஈக்யூவில் (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கிட்டாரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் அடைப்பு இருந்தால் 3 டெசிபல் குறையுங்கள், 2 – 3 கிலோஹெர்ட்ஸிலும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு இருப்பது அங்கே, அந்த இடம் குரலுக்கு வேண்டும். பலமான இடங்களை அடக்கும் கம்ப்ரஸர் 3:1, அது அடக்குவதைக் காட்டும் ஊசி 3 முதல் 5 டெசிபல் வரை ஆடினால் போதும். அதற்குப் பிறகும் வரியின் கடைசிச் சொல் அமுங்கினால், அந்தச் சொல்லை மட்டும் ஃபேடர் ஆட்டோமேஷனில் கையால் தூக்குங்கள்.

குரலுக்கு ஒரே ஒரு எதிரொலி, சுமார் 100 மில்லிசெகண்ட் தள்ளி, லேசாக. சன் ஸ்டூடியோவின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் இரண்டு டேப் கருவிகளை வைத்து உண்டாக்கிய ஸ்லாப்பேக் இதுதான். ரிவெர்ப் (பெரிய அறையில் ஒலி தங்குவது போன்ற முழக்கம்) குறைவாகப் போதும். அணைத்துவிட்டால் மட்டுமே அது இருந்தது தெரிய வேண்டும். குரல் நடுவில், கிட்டார்கள் இரு பக்கமும்.

கடைசியாக மாஸ்டரில் (எல்லாம் சேர்ந்து வெளிவரும் டிராக்) உச்சத்தைத் தாண்டவிடாத ஒரு லிமிட்டர், உச்சம் மைனஸ் 1 டெசிபல். சத்தத்தைத் திணிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும்.

ஃபைலை எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலை ஃபோனில் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, அடுத்த அறையில் நின்று கேளுங்கள். எந்த வரியில் சொல் நழுவுகிறதோ அதைத் தாளில் குறித்துக்கொண்டு, அந்த வரியை மட்டும் ஒரு டெசிபல் ஏற்றுங்கள்.