பம்பர் ஓட்டைகளை அடைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முன் பம்பரில் இருக்கிற ஓட்டைகளையெல்லாம் மூடி, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று ஆக்க வேண்டும் என்று அக்கா மகன் வந்து நின்றான். பழைய டீசல் கார். பம்பர் முழுக்கக் கீறல், ஃபாக் லேம்ப்பில் ஒன்று உடைந்திருந்தது. "எப்படியும் பெயிண்ட் அடிக்கணும் மாமா, அதோட சேத்து அடச்சிருவோம்" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மார்கழியில் வேலை முடிந்தது. கார் உண்மையிலேயே அழகாக இருந்தது. சித்திரையில், அழகர் எதிர்சேவைக்கு முந்தின வாரம், மதுரை தல்லாகுளம் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள்ளும் ஏறியது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், ஃபாக் லேம்ப் இருந்த இடத்தில் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒரு வட்டக் கோடு தலைகாட்டியிருந்தது. ஒரே வேலையில் இரண்டு தவறு செய்திருந்தோம்.

முதலில் காற்று. பம்பருக்குப் பின்னால் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கன்டன்சர், அதற்குப் பின்னால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ஆற்றும் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். டர்போ வண்டி என்றால், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் பெரும்பாலும் அங்கேதான் எங்காவது உட்கார்ந்திருக்கும். வண்டி ஓடும்போது காற்று தானாக உள்ளே வரும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். முன்பக்க வழியை அடைத்துவிட்டால் அந்த ஃபேன் என்ன செய்யும்? இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே சந்துபொந்து வழியாகச் சுற்றிச் சுற்றி இழுக்கும். கன்டன்சரில் அழுத்தம் ஏறும், ஒரு அளவுக்கு மேல் போனால் கம்ப்ரஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். அதனால்தான் ஏசி முதலில் கைவிடுகிறது. முள் ஏறுவது அடுத்த கட்டம். மார்கழிக் காலையில் இதெல்லாம் தெரியாது. நாற்பது டிகிரியை ஒட்டிய மதுரை வெயிலில் தெரிந்துவிடும்.

எல்லா ஓட்டையும் உண்மையான ஓட்டை இல்லை. இன்றைய பம்பர்களில் இருக்கும் ஓட்டைகளில் பல வெறும் அலங்காரம். கறுப்பு பிளாஸ்டிக் வலைக்குப் பின்னால் சுவர் மாதிரி அடைத்திருக்கும். பல கார்களில் மேல் கிரில் பேருக்குத்தான் இருக்கிறது, பெரும்பாலான காற்று நம்பர் பிளேட்டுக்குக் கீழே இருக்கிற அகலமான வாய் வழியாகத்தான் போகிறது. ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்னப் பிளவுகளில் சில, சக்கரத்துக்கோ பிரேக்குக்கோ காற்று கொண்டுபோகும். எது எதற்கென்று தெரியாமல் மூடக் கூடாது. கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். டார்ச் அடித்துப் பாருங்கள், பின்னால் அலுமினியத் தகடு தெரிந்தால் அது வேலை செய்கிற ஓட்டை. இன்னும் சந்தேகமாக இருந்தால் காற்றில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, ஃபேன் ஓடும்போது ஓர் ஊதுபத்தியை ஓட்டைக்கு முன்னால் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து போனால் அதைத் தொடாதீர்கள்.

மூடியே ஆக வேண்டும் என்றால் முதலில் அட்டையையும் டேப்பையும் வைத்து மூடி, ஒரு வாரம் மதிய வெயிலில் ஓட்டிப் பாருங்கள். முள்ளை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் அது ஓர் எல்லை வரைக்கும் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள், புதுசு சிலவற்றில் முள்ளே கிடையாது. காரின் கணினியைப் படிக்கும் சின்னக் கருவியான ஓபிடி ரீடர் ஒன்று வாங்கி மாட்டினால் போனிலேயே கூலன்ட் சூடு டிகிரிக் கணக்கில் தெரியும். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறி இறங்கினால் இன்னும் நல்லது. நாங்கள் இதைச் செய்யவில்லை.

அடுத்தது பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். வேலை செய்த பட்டறையில் இருந்த பெரியவர், "நாங்க அம்பாசடர் காலத்துல இருந்து பட்டி பாக்குறோம் தம்பி" என்றார். பொய்யில்லை, நல்ல கை. ஆனால் அது இரும்புக்குப் பழகிய கை. அம்பாசடர் பம்பர் குரோம் பூசிய ஸ்டீல், இன்றைய பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் (சுருக்கமாக பிபி) என்ற பிளாஸ்டிக். கழற்றி உட்பக்கம் திருப்பிப் பார்த்தால் அச்சு எழுத்தில் பெரும்பாலும் 'பிபி பிளஸ் இபிடிஎம்' என்று இருக்கும், இபிடிஎம் என்பது ஒரு வகை ரப்பர், பக்கத்தில் 'டி20' மாதிரி ஒரு குறியும் இருக்கலாம். அது 20 சதவீதம் டால்க் என்ற கல் மாவு கலந்தது என்று அர்த்தம். வெளியில் வாங்கும் கிட் பம்பர்கள் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்காகவோ ஃபைபராகவோ இருக்கலாம். துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி என்பார்கள். டால்க் அதிகம் கலந்த பிபி முழுகிவிடும் என்பதால் அந்தச் சோதனையை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பட்டியும் ஒட்டாது, ஃபைபர் ரெசினும் ஒட்டாது. ஒட்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். போதாததற்கு இந்த பிளாஸ்டிக் வெயிலில் நீளும், ஸ்டீலைவிடப் பல மடங்கு. ஒன்றே முக்கால் மீட்டர் பம்பர் விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். வேகத்தடையில் உரசினால் வளையும். பட்டியோ காய்ந்தால் கல். அது கூடவே வளையாமல் விளிம்பில் விட்டுக்கொடுக்கும். எங்கள் வட்டக் கோடு அப்படி வந்ததுதான். உள்ளே தோண்டிப் பார்த்தபோது கம்பி வலை, அதன்மேல் ஃபைபர் பாய், அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதும் முழு வட்டமும் தோசை மாதிரி கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் பிளாஸ்டிக் பளபளவென்று, ஒரு துளி ஒட்டாமல்.

ஒழுங்கான வழி, வெல்டிங். பழைய இரும்புக் கடையில் அதே குறி உள்ள உடைந்த பம்பர் ஒன்று வாங்கி, அதிலிருந்து ஓட்டை அளவுக்குத் துண்டு வெட்ட வேண்டும். தட்டையான இடத்தில் வெட்டாதீர்கள். பம்பர் எங்கும் லேசாக வளைந்துதான் இருக்கும், தட்டைத் துண்டு பெயிண்ட் அடித்தபின் பள்ளமாகத் தெரியும். விளிம்புகளைச் சரிவாகச் சீவி, ஹாட் ஏர் கன்னும் பிபி ராடும் வைத்து உள்ளேயும் வெளியேயும் உருக்கி ஒட்ட வேண்டும். சூடு குறைந்தால் ராடு மேலே சும்மா படுத்திருக்கும். கூடினால் பம்பரே கோணும். முதலில் வேறு துண்டில் ஒட்டி, ஆறிய பிறகு குறடால் ராடை இழுத்துப் பாருங்கள். சுத்தமாக உரிந்து வந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம். அதன்மேல் பிளாஸ்டிக்குக்கென்றே வரும் வளையும் பட்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். உப்புத்தாள் போடும்போது பிபி நூல் நூலாக மயிர் கிளம்பும், அவசரப்பட்டால் பெயிண்டில் தெரியும்.

பெயிண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் நேராகக் கலர் அடித்தால், பிரஷர் வாட்டர் வாஷில் ஒரு நாள் தோல் மாதிரி உரியும்.

இனி, ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும் சமாசாரங்கள். டோயிங் கொக்கி மாட்டும் சின்ன மூடியை நிரந்தரமாக அடைப்பவர்கள், ரிங் ரோட்டில் வண்டி நின்றால் எதில் கயிறு கட்டுவார்கள் என்று தெரியவில்லை. பார்க்கிங் சென்சார்மேல் பட்டி ஏறினால் அது செத்துப்போகும். தானாக பிரேக் போடும் வசதியுள்ள புதுக் கார்களில் பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் ரேடார் இருக்கலாம். அதன் முன்னால் பட்டி, கம்பி வலை, கனமான மெட்டாலிக் பெயிண்ட் எதுவும் கூடாது. உள்ளே இருக்கிற நுரைக் கட்டையையும் மோதல் சென்சாரையும் இடம் போதவில்லை என்று வெட்டுவதோ நகர்த்துவதோ கூடவே கூடாது. ஃபாக் லேம்ப்பை எடுத்தால் வயர் முனையைத் தொங்க விடாமல் மூடிக் கட்டுங்கள். பின்னால் பெட்டி மாதிரி அடைத்தால் தண்ணீர் வடிய ஒரு துளை விடுங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையில் சேறும் மற்ற மாதங்களில் குளவியும் குடியிருக்கும்.

சட்டம் பக்கமும் ஒரு பார்வை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க இடம் தருகிறது. பெரிய மாற்றம் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுதித் தெரிவியுங்கள். பம்பர் மொழுக்கென்று இருக்க வேண்டும் என்பதற்காக நம்பர் பிளேட்டைக் கழற்றி ஸ்டிக்கராக ஒட்டுவது மட்டும் வேண்டாம், அது தேடிப் போய் மாட்டிக்கொள்வது.

எங்கள் காரில் மேல் கிரில் பொய் ஓட்டை என்பதால் அதை அப்படியே மூடிவைத்தோம். கீழ் வாயைத் திரும்ப வெட்டி, கறுப்பு வலை மாட்டினோம். ஃபாக் லேம்ப் வட்டங்களைப் பிபி துண்டு வைத்து வெல்டு செய்தது வேறொரு பையன். ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டான். கோரிப்பாளையம் சிக்னலில், மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு நின்றபோது போனில் கூலன்ட் சூடு 97 டிகிரியிலேயே நின்றது. "இப்ப மூஞ்சி கொஞ்சம் பழைய மாதிரியே இருக்கு மாமா" என்றான் மருமகன், முழு மனசில்லாமல்.