பரணில் கிடைத்த பங்க் கேசட்: பழைய குழு ஒன்றின் பதிவை மீட்கும் முறை

பெங்களூரு அல்சூரில் என் மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த ஒரு கேசட்டிலிருந்துதான் எனக்கு இந்த வேலை தொடங்கியது. அவர் கல்லூரியில் படித்த காலத்தில், பங்க் இசையின் முரட்டு வேகத்தோடு ஓவிய மாணவர்களின் சோதனை மனத்தையும் சேர்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடிய ஒரு குழு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாசித்துவிட்டுக் கலைந்துபோனது. அவர்கள் இசைத்தட்டு வெளியிடவில்லை. கடையில் கேசட்டும் விற்கவில்லை. இத்தகைய குழுக்களின் பாடல்கள் நண்பர்களின் வீட்டுப் பெட்டிகளில் மட்டுமே கிடக்கின்றன. நாடா கெடுவதற்கு முன் அவற்றை எடுத்துக் காக்க நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

கைக்கு வரும் முதல் கேசட் பெரும்பாலும் படியின் படியாகத்தான், அதாவது நகலின் நகலாகத்தான் இருக்கும். இரட்டை டெக் டேப் ரெக்கார்டரில் ஒருவர் மற்றவருக்குப் பதிவு செய்து கொடுத்து வந்ததால், ஒவ்வொரு முறை கைமாறும்போதும் இரைச்சல் ஏறி, டிரம்ஸின் சிம்பல் ஒலியின் கூர்மை மழுங்கியிருக்கும். ஆகவே கிடைத்ததோடு நிறைவடையாமல், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே மூலக் கேசட்டை நோக்கிப் பின்னே செல்லுங்கள். உள்அட்டையை வெளியே எடுத்து இருபுறமும் படம் பிடித்து, அதில் உள்ள பெயர்களையும் நன்றிக் குறிப்புகளையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஏழு இலக்கப் பெங்களூருத் தொலைபேசி எண் இருந்தால், முன்னால் 2 சேர்த்து அழைத்துப் பாருங்கள். வீடு மாறாத குடும்பம் எடுத்துப் பேசவும் கூடும். பாடகரைத் தேடுவதைவிட அன்று மைக் செட் போட்டவரைத் தேடுவது பயன் தரும் என்பது என் அனுபவம், ஏனென்றால் எல்லா மைக்குகளின் ஒலியையும் சேர்க்கும் மிக்சர் கருவியிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தவர் அவராகத்தான் இருப்பார். நான் தேடிய குழுவின் மூலக் கேசட் ஸ்ரீராமபுரத்தில் மைக் செட் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம், பக்திப் பாடல் கேசட்டுகளுக்கு நடுவே, பெயர் எழுதப்படாமல் இருந்தது.

கிடைத்த உடனே போட்டுக் கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கேசட்டின் சிறிய சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் கேசட்டை ஓட்டும் கருவியான டெக்குக்கும் அடுத்த கேசட்டுக்கும் அது பரவும் என்பதால், முகக்கவசம் அணிந்து தனியே சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். அடுத்து, நாடா வெளியே தெரியும் நடுப்பகுதியில், மெல்லிய உலோகப் பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் கடுகளவை விடச் சற்றே பெரிய பஞ்சுத்துண்டைக் கவனியுங்கள். நாடாவை, ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும். அப்போது ஒலி மங்கி, விட்டுவிட்டுக் கேட்கும். நாடாவே கெட்டுப்போனது என்று பலர் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். திருகாணி போட்ட வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் போதும். தவறுதலாக மேலே பதிவாகாமல் இருக்க, மேல்விளிம்பின் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள்.

டெக்கைப் பொறுத்தவரை, புதிதாக விற்கும் மலிவான யுஎஸ்பி பிளேயர்களைவிட, பழுது பார்த்த பழைய டெக்கே மேல். பெங்களூருவின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் விசாரித்தால் பெல்ட் மாற்றித் தருபவர் கிடைப்பார். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பிறகு வருவது மிக நுட்பமான வேலை: ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் திருகாணி, ஹெட்டின் சாய்வை மாற்றக்கூடியது. பதிவு செய்த இயந்திரத்தின் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் பொருந்தாவிட்டால், உயர்ந்த ஒலிகள் எல்லாம் கம்பளிக்குப் பின்னாலிருந்து வருவது போலக் கேட்கும். இடது, வலது என்ற இரு சேனல்களையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். டிரம்ஸின் ஹை-ஹாட் சிம்பல் திடீரென்று பளிச்சென்று முன்னால் வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும், இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். உச்ச ஒலி -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டியது. பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்திருந்தால் அன்று நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று கேட்கையில் பாட்டு வேகமாகவும் குரல் மெல்லிசாகவும் வரும். கிதாரின் சுருதியை வைத்து இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் இந்தக் குழுக்கள் தம் விருப்பப்படி சுருதி இறக்கி வாசித்தவர்கள். ஆனால் ஆம்ப்ளிஃபையரின் ரீங்காரம் பொய் சொல்லாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியை ஆடாசிட்டி மென்பொருளில் பகுத்துப் பார்த்து, ரீங்காரம் 52-இல் நின்றால், நாடா 4 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று கணக்கிட்டு, ரீங்காரம் 50-க்கு வரும்வரை வேகத்தைக் குறைக்கலாம்.

இரைச்சல் நீக்கும் வசதியைக் கண்டதும் முழுவதும் பயன்படுத்திவிடாதீர்கள். நாடாவின் சீறல் வேறு, குழு வேண்டுமென்றே எழுப்பிய ஊளையும் உறுமலும் வேறு. மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நான் முதலில் சுத்தம் செய்த பாட்டில் ஆம்ப்ளிஃபையரின் உறுமல் போய்விட்டது, அதோடு பாட்டின் உயிரும் போய்விட்டது. ஆகவே திருத்தப்படாத முதல் கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, படியில் மட்டுமே கை வையுங்கள்.

பிறருக்குக் கேட்கக் கொடுக்கும் முன் குழுவில் இருந்த அனைவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகளும், நிகழ்த்திய கலைஞர்களின் உரிமைக்கு 50 ஆண்டுகளும் காப்பு உண்டு. சட்டத்தைவிட முக்கியமான காரணமும் இருக்கிறது. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் சிந்தசைசரில் ராகங்களை வாசித்து வெளியிட்ட தட்டு கவனிக்கப்படாமல் போய், 2010-இல் மறுவெளியீடு கண்டது. எழுபது வயதைக் கடந்தபின் அதை அவரே வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். 2015-இல் காலமானார். வாசித்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் கையில் பதிவைக் கொடுக்க முடிவதுதான் இந்த வேலையின் பெரும்பேறு.

கேசட்டை உரியவரிடம் திருப்பித் தரும்போது, நாடாவை ஒரு முனைவரை முழுதாகச் சுற்றி, உறையில் போட்டு, நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பக்கத்திலும் மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவரோரத்திலும் வைக்க வேண்டாம். ஸ்ரீராமபுரத்துப் பெரியவருடைய கேசட்டில் இப்போது குழுவின் பெயர் எழுதியிருக்கிறது, அவரே எழுதினார்.