கெட்டி போல்ட்டில் காயில் சுற்றாதீர்கள்

பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம், போல்ட்டில் கம்பிச் சுருள் (காயில்) சுற்றித் தானே செய்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, ரெண்டு தடவை பேட்டரி மாத்திட்டேன். தள்ளிவிட்டாத்தான் சுத்துது." சுழலும் பகுதியான ரோட்டரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நான் செய்த அதே தப்பு.

கம்பி மேல் உள்ள எனாமல் பூச்சைச் சுரண்டாமல் இணைப்பது போன்ற தப்புகளை இங்கே சொல்லவில்லை. ஒருமுறை நடந்தால் தானாகவே புத்தி வந்துவிடும்.

போல்ட்டையே கோராக (காயிலுக்கு நடுவில் இருக்கும் இரும்பாக) வைப்பது

தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அது வலுவுக்காகக் கடினப்படுத்திய எஃகு. காந்தம் லேசில் ஏறாது, ஏறினால் முழுதாக இறங்காது. ரோட்டரிலோ ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வடக்கு தெற்காக மாற வேண்டும். மிச்சமிருக்கும் பழைய காந்தத்தோடு மல்லுக்கட்டியே கொஞ்சம் மின்சாரம் சூடாகப் போய்விடும்.

நான் அப்படி ஒரு போல்ட்டில் 26 கேஜ் கம்பியை 300 சுற்று சுற்றினேன். திணறியது. பேட்டரியைத் திட்டினேன். பிறகு பெரிய அடாப்டரைக் கொடுத்தேன், எனாமல் கருகிய வாடைதான் வந்தது. காயில் கட்டும் கடைப் பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் ஒயரைக் கழற்றினார், போல்ட்டைக் குண்டூசி டப்பாவில் முக்கி எடுத்தார். கரண்டே இல்லை, ஊசிகள் மீசை மாதிரி தொங்கின. இன்றைக்கும் அந்தக் கம்பிக் காசை நினைத்தால் எரிச்சல்தான்.

போல்ட்டுக்குப் பதில், கட்டட வேலையில் கம்பி கட்டுபவர்கள் வைத்திருக்கும் கட்டுக்கம்பி போதும். அது ஏற்கெனவே சுட்டு மென்மையாக்கிய இரும்பு. துண்டுகளாக வெட்டி, நேராக்கி, ஒவ்வொன்றுக்கும் வார்னிஷ் பூசிக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுங்கள். வார்னிஷ் சும்மா இல்லை. இருதுருவ ரோட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், கோரின் காந்தம் நொடிக்கு 100 முறை திரும்பும். ஒரே கட்டி இரும்பாக இருந்தால் உள்ளுக்குள் சுழல் மின்னோட்டம் ஓடிக் கோரே சூடாகும். பூச்சு அதை இழைக்கு இழை தடுத்துவிடும்.

எவர்சில்வர் போல்ட்

வேண்டாம். பெரும்பாலும் காந்தமே ஒட்டாது.

போல்ட்டைச் சுட்டு மென்மையாக்குவது

துத்தநாகம் பூசியது என்றால் அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும்.

இடைவெளி

காந்தப்புலம் 1 மி.மீ. காற்றைக் கடப்பது, நல்ல மென்னிரும்பில் 1 மீட்டர் கடப்பதற்குச் சமமான பாடு. அதனால் கோருக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு அட்டை நுழையும் அளவு இடைவெளிக்கு மேல் வேண்டாம். பையனின் மோட்டாரில் என் சுண்டு விரலே நுழைந்தது.