மாரி முடிந்தபின் கிரைண்டரையும் ட்ரில்லையும் மீட்டெடுப்பது எப்படி?

திருகோணமலையில் மின்கருவிகள் வேலை செய்து தேய்வதைவிட, சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. பட்டினப் பக்கம் எங்கே திரும்பினாலும் கடல். ஒக்டோபரில் பிடிக்கும் மாரி ஜனவரி வரை இழுக்கும். அந்த உப்பு ஈரம் கருவிக்குள் தங்கிய தூசியில் ஊறி, செம்பையும் இரும்பையும் மெதுவாக அரிக்கும். அப்புறம் கச்சான் காற்று மாதங்களில் மணல் புழுதி வேறு. ஒன்றிரண்டு வருடம் திரும்பியே பார்க்காத, இரும்பு வெட்டித் தேய்க்கும் ஒரு கிரைண்டரும் துளையிடும் ஒரு ட்ரில்லும் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு சனி ஞாயிறில் அவற்றைச் சரிக்கட்டிவிடலாம்.

தேவையானவை: ஸ்குரூ ட்ரைவர்கள், பழைய பல் பிரஷ், பழந்துணி, மெல்லிய எமரித்தாள், லித்தியம் கிரீஸ், தையல் மெசின் எண்ணெய், பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம்.

1. பிளக்கில் செருகாதீர்கள்

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான்: "ஓடுதா பார்ப்பம்" என்று சுவிட்சைத் தட்டுவது. உள்ளே ஈரம் இருந்தால் கரண்ட் கசியும். பெயாரிங் இறுகியிருந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறிச் சூடாகி எரிந்துபோகும். ஆகவே முதலில் காற்றோட்டமும் வெயில் வெக்கையும் உள்ள விறாந்தையில் ஒன்றிரண்டு நாள் காய விடுங்கள். பற்றரிக் கருவி என்றால் பற்றரியைக் கழற்றி நிழலில் வையுங்கள்; அதற்கு வெயில் ஆகாது.

காய்ந்தபின் சுழலும் தண்டைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிச் சுற்றினால் நல்லது. நறநறவென்றால் பெயாரிங் போய்விட்டது. பெயாரிங்கின் பக்கத்திலேயே இலக்கம் அடித்திருக்கும். உதாரணமாக 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே இலக்கத்தில் கேளுங்கள், இரு பக்கமும் றப்பர் மூடி உள்ளதாக. உப்புக் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

2. வயர், உடல், தூசி

வயர் பெரும்பாலும் கருவிக்குள் நுழையும் இடத்தில்தான் வெடிக்கும். வெடித்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

காற்றுத் துளைகளை முதலில் காய்ந்த பிரஷால் துடைத்து, பிறகே காற்றடியுங்கள். டயர் கடைக் கம்பிரசரில் அடிப்பதானால் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். துளையோடு ஒட்டிவைத்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் இறுகும். வெளி உடலுக்குச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பெற்றோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்ரிக் விரிசல் விடும்.

கடற்கரையில் ஃபைபர் படகு தேய்த்த கிரைண்டர் என்றால் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அந்தத் தூள் கண்ணாடி. பெயாரிங்கையும் மோட்டாருக்குள் இருக்கும் காபன் பிரஷையும் அரம்போல் அராவிவிடும். முகக்கவசம் இல்லாமல் அதை ஊதவும் கூடாது.

3. காபன் பிரஷ்

பழுதென்று மூலையில் போட்ட கருவிகளில் பலவற்றுக்கு வந்த நோய் இதுதான். மோட்டாரின் இரு பக்கமும் சிறிய வட்ட மூடிகள் இருக்கும். சில மொடல்களில் பின்மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு சின்னக் கரிக்கட்டி. எந்தப் பிரஷ் எந்தப் பக்கம், எப்படித் திரும்பியிருந்தது என்று குறித்துக்கொண்டு எடுங்கள். அதன் முனை, அது உரசும் மோட்டாரின் செம்பு வளையத்துக்கு ஏற்றபடி வளைந்து தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் பொறி பறக்கும்.

நீளம் 5, 6 மில்லிமீற்றருக்குக் கீழே வந்துவிட்டால், அல்லது கரியில் உள்ள எல்லைக் கோடு வரை தேய்ந்திருந்தால், மாற்றுங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புதுப் பிரஷ் கூட்டுக்குள் தடையின்றி வழுக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் எமரித்தாளைத் தட்டையாக வைத்து, பக்கங்களை மட்டும் லேசாக உரசுங்கள்.

கழற்றிய துளைக்குள் டோர்ச் அடித்து அந்தச் செம்பு வளையத்தையும் பாருங்கள். கபில நிறம் நல்லது, அதைப் பளபளப்பாக்கத் தேவையில்லை. கறுத்துக் குழி விழுந்திருந்தால் ஆமேச்சரில், அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தில், கோளாறு. மலிவான கிரைண்டர் என்றால் அங்கேயே நிறுத்துவது புத்தி. ஆமேச்சர் விலையும் கூலியும் சேர்ந்தால் புதிதின் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

பிரஷ்லெஸ் என்று எழுதிய கருவிகளில் இந்த வேலையே இல்லை.

4. கியர் கிரீஸ்

கிரைண்டரின் தலையில் நான்கு ஸ்குரூ. கழற்றி, கறுத்த கிரீஸை முழுவதும் வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதைப் பற்களில் பூசுங்கள். அறையின் மூன்றிலொரு பங்கு, மிஞ்சினால் அரைவாசி. கூடினால் சூடாகி மோட்டார் பக்கம் கசியும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இங்கே அடிக்க வேண்டாம், அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெயும் சரிவராது.

5. சக், பிட், டிஸ்க்

துருப்பிடித்த பிட்களை ஓர் இரவு வினாகிரியில் ஊறப்போட்டு, மறுநாள் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு இரண்டு சொட்டு தையல் மெசின் எண்ணெய் விட்டுத் திறந்து மூடினால் போதும்.

வெட்டும் டிஸ்கில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும். டிஸ்கைப் பிடித்துவைக்கும் பிசின் ஈரத்தில் பலமிழக்கும், ஓடும்போது சிதறினால் முகத்துக்குத்தான் வரும். திகதி கடந்ததும், நனைந்ததும், விளிம்பு உடைந்ததும் நேரே குப்பைக்கு. டிஸ்கில் எழுதிய வேகம் கிரைண்டரின் வேகத்துக்குக் குறையக் கூடாது. 4 அங்குல டிஸ்கில் வழக்கமாக 15,300 (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று இருக்கும்.

6. இப்போது ஓட்டுங்கள்

வீட்டு ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழாவிட்டால் கருவியை ஓட்டாமல் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கருவியை டிஸ்க், பிட் எதுவும் இல்லாமல் சில நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள்; புதுப் பிரஷ் படியவும் அது வேண்டும். சின்னச் சின்ன நீலப் பொறி சாதாரணம். செம்பு வளையத்தைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால், எரிந்த மணம் வந்தால், ட்ரிப் விழுந்தால், பிளக்கைக் கழற்றிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

பிறகு சீமெந்துத் தரையில் வைக்காமல் தட்டில் ஏற்றுங்கள். ஈரம் காயாமல் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம். பற்றரியை அரைவாசி சார்ஜில் தனியாக வையுங்கள். அடுத்த மாரியில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழை விட்ட ஒரு பகலில், மாதம் ஒருமுறையாவது எடுத்து இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். மோட்டாரின் சூடே உள்ளிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரட்டும்.