பெங்களூரிலிருந்து முதல் மலைப்பாதைப் பயணம்: ஏறுவதற்கு முன் இறங்கப் பழகுங்கள்

பெங்களூரில் கார் ஓட்டப் பழகிய நம்மவர்கள் பலர், சில்க் போர்டு நெரிசலைச் சமாளித்துவிட்டால் எந்தச் சாலையிலும் ஓட்டிவிடலாம் என்று நம்புகிறார்கள். மலைப்பாதைக்கு அந்தக் கணக்கு செல்லாது. நம் நகரம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பீடபூமியின் மேல் இருக்கிறது. இங்கிருந்து காட்டு வழியாகச் சத்தியமங்கலத்துக்கோ கோவைக்கோ போகிறவர்களுக்கு மலை ஏற்றமாக வருவதில்லை, நேராக இறக்கமாகவே வந்துவிடுகிறது. ஏற்றத்தில் தவறு செய்தால் வண்டி நின்றுபோகும். இறக்கத்தில் தவறு செய்தால் அது நிற்காது.

நான் முதன்முறை திம்பம் மலைப்பாதையில் இறங்கியபோது, பாதி வழி வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ரப்பர் கருகுவது போன்ற நெடி வந்தது. முன்னால் போகும் லாரியின் புகை என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக, பஞ்சை மிதித்ததுபோல் இறங்கியது. சாலை அகலமாக இருந்த இடத்தில் எப்படியோ ஓரம் கட்டினேன். பழுதாகி அங்கே நின்றிருந்த லாரியின் ஓட்டுநர் என் சக்கரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எந்த கியரில் இந்த மேட்டை ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு." மலைப்பாதை பற்றி அதன்பிறகு நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்கு விளக்கம்தான்.

முதல் படி: வண்டியைப் பாருங்கள்

பிரேக் பேட் தேய்மானம், டயர், கூலன்ட் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பலர் மறப்பது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. எனவே நீங்கள் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அன்று என் கால் உணர்ந்த பஞ்சு இதுதான். மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

இரண்டாம் படி: வீட்டிலேயே ஏற்றம் பழகுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்திலிருந்து வெளியே வரும் சாய்வுப் பாதை போதும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அதன் நடுவே வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். முதல் கியர் போட்டு கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். எஞ்சின் சத்தம் கனக்கும். அந்த நொடியில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் பத்து முறை கிளம்ப முடிந்தால் தயாராகிவிட்டீர்கள்.

மூன்றாம் படி: நந்திமலை

நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், உயரம் 1,478 மீட்டர். ஏற்றம் குறைவு, வளைவுகள் உண்டு, ஏறி இறங்க அரைநாள் போதும். சனி, ஞாயிறு விடியற்காலையில் போகாதீர்கள். சூரிய உதயம் பார்க்க வரும் கூட்டத்தில் வண்டிகள் உரசிக்கொண்டு நிற்கும், எதையும் பழக முடியாது. வேலைநாளில் போய், ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டது என்று கவனித்து, இறங்கும்போதும் அதையே போட்டுப் பாருங்கள். உச்சியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நம் பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது இந்த மலைப்பகுதியில்தான். வேலூரிலும் கடலூரிலும் பார்த்த ஆறுகளின் ஊற்றுக்கண் பக்கம் நிற்கிறோம் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

நான்காம் படி: ஏற்காடு

சேலம் வரை நல்ல நெடுஞ்சாலை, சுமார் 200 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். முதலில் ஏறி, இரவு தங்கி, மறுநாள் காலையில் தெளிந்த மனத்துடன் இறங்கலாம் என்பதால் இதை இரண்டாவது பயணமாக வைக்கிறேன். லேடீஸ் சீட் முனையில் மாலையில் நின்றால் சேலம் நகரம் முழுவதும் விளக்கேற்றிக்கொண்டு காலடியில் விரியும். குழந்தைகளுக்கு வளைவில் குமட்டும். வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள், போனைப் பார்க்க விடாதீர்கள்.

ஐந்தாம் படி: திம்பம்

கனகபுரா, கொள்ளேகால், சாம்ராஜ்நகர் வழியாகத் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் ஆசனூர். 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு இது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மலைப்பாதையில் போக்குவரத்துக்குத் தடை உண்டு, கிளம்பும் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். கரும்பு லாரிகளை யானைகள் வழிமறிப்பது இங்கே அடிக்கடி நடப்பது. யானை சாலையில் நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். அது போன பிறகு போகலாம்.

திம்பத்தைத் தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகள் கீழ்நோக்கித் தொடங்கும். இங்கே நிதானமாகப் படியுங்கள்.

முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். அதன் முனகல் கூடும், பயப்பட வேண்டாம். வேகம் மீறும்போது மட்டும் பிரேக்கை நன்றாக ஒருமுறை மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் பிரேக்கைச் சூடாக்கும். நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவதும் தற்கொலைக்குச் சமம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'டி'யிலேயே விடாமல், 'எல்' அல்லது 'எம்' போட்டுத் தாழ்ந்த கியரில் வைத்திருங்கள்.

வளைவு நெருங்கும்போது ஹார்ன் அடியுங்கள். வேகத்தையும் கியரையும் வளைவுக்குள் நுழையும் முன்பே குறைத்துவிட வேண்டும், திரும்பிக்கொண்டிருக்கும்போது அல்ல. பார்வை பள்ளத்தின் மீதோ காரின் முனையின் மீதோ இருக்கக் கூடாது. பக்கத்து ஜன்னல் வழியாக, சாலை மடங்கி வெளியே போகும் இடத்தைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்குக் கை தானாகவே ஸ்டீயரிங்கைக் கொண்டுபோகும்.

கீழிருந்து லாரியோ பஸ்ஸோ ஏறி வந்தால் வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே நின்றுவிடுங்கள். திரும்ப அவற்றுக்குச் சாலையின் முழு அகலமும் தேவை. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை என்பது சட்டம். பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்ப என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் மலையைப் பார்த்துக்கொள்ளலாம்: மூங்கில் புதர்கள், கீழே இலை உதிர்ந்த காடு, அதற்கும் அப்பால் வெயிலில் வெளிறிக் கிடக்கும் சமவெளி.

நீலகிரியின் கல்லட்டி 36 வளைவுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த மூன்றும் கைவந்த பிறகு பாருங்கள். மசினகுடியிலிருந்து ஏற மட்டுமே வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி, இறங்கக் கூடலூர் வழிதான். நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை.

ஆறாம் படி: பண்ணாரியில் நில்லுங்கள்

அடிவாரத்தில் பண்ணாரி மாரியம்மன் கோவில் வந்துவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் உள்ளங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் நன்றாக இறங்கியிருக்கிறீர்கள். அனல் அடித்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவதற்குள் ஆறிவிடும். திரும்பி அதே வழியில் பெங்களூர் போவதானால், மாலை வெளிச்சம் இருக்கும்போதே 27 வளைவுகளையும் ஏறி முடிக்கும்படி பண்ணாரியை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள்.