பேரல் ரேஸிங்: எப்போது உட்காருவது, எப்போது திருப்புவது

மூன்று மாதம் என் இடது முழங்காலுக்குக் கீழே கருநீலமாகவே இருந்தது. பேரல் ரேஸிங் என்பது குதிரையேறி மூன்று பீப்பாய்களைச் சுற்றித் திரும்பி வரும் நேரப் போட்டி. கால் நீலமானதற்குக் காரணம் இரண்டாவது பீப்பாய். முதல் பீப்பாயை ஒழுங்காகச் சுற்றிவிடுவேன், மூன்றாவதிலும் பெரிய தொல்லை இல்லை. இரண்டாவதில் மட்டும் ஒன்று காலை இடித்துக்கொள்வேன், இல்லையென்றால் பீப்பாயையே உருட்டிவிடுவேன். ஒரு பீப்பாய் விழுந்தால் ஓடிய நேரத்தோடு 5 வினாடி சேரும். முழு அளவுக் களத்தையே நல்ல ஓட்டக்காரர்கள் 17 வினாடியில் முடிக்கிறார்கள். அங்கே 5 வினாடி என்றால் டிரெய்லரில் குதிரையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

நான் டெக்சாஸில் சனி, ஞாயிறுகளில் மட்டும் ஓட்டுகிறவள். குதிரை, குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனத்துப் பெட்டை. பெயர் பெப்பர், எங்கள் வீட்டில் மிளகு. குறை மிளகிடம் என்று நினைத்துக் கடிவாளத்தை மாற்றினேன், சேணத்தை மாற்றினேன். குறை என்னிடம்தான். அதைச் சரிசெய்த விதத்தை வரிசையாக எழுதுகிறேன். லோப் (நிதானப் பாய்ச்சல்) வேகத்தில் விழாமல் உட்காரவும், லீட் (பாயும்போது எந்தப் பக்கக் கால்கள் முன்னே விழுகின்றன என்பது) என்றால் என்னவென்றும் தெரிந்தவர்களுக்கானது இது. அங்கவடி நீளத்திலிருந்து தொடங்கப்போவதில்லை.

படி 1: களம்

ரோடியோ என்ற கௌபாய் விளையாட்டுகளில் பெண்களுக்கான சங்கமான டபிள்யூ.பி.ஆர்.ஏ.வின் (1948இல் டெக்சாஸின் சான் ஏஞ்சலோவில் பெண்களே கூடித் தொடங்கியது) நிலையான அளவு இது: தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டு பீப்பாய்களின் வரிசைக்கு 60 அடி, அந்த இரண்டுக்கும் நடுவே 90 அடி, அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. இடம் சிறியது என்றால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் வைப்பது 55 காலன் இரும்புப் பீப்பாய். பழகும்போது பிளாஸ்டிக் பீப்பாயே போதும், கால் நன்றி சொல்லும்.

வலது பக்கப் பீப்பாயில் தொடங்கினால் ஒரு வலத் திருப்பம், இரண்டு இடத் திருப்பம். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் ஓடுகிறார்கள், நானும் அப்படியே. இடது பக்கம் தொடங்குபவர்கள் கீழே வரும் வலம், இடம் எல்லாவற்றையும் மாற்றிப் படிக்கவும்.

படி 2: கைபேசியில் படம் எடுங்கள்

முக்காலியை இரண்டாவது பீப்பாயின் பக்கவாட்டில் நிறுத்தி, மெதுவோட்ட வீடியோவில் வைத்துவிட்டு ஓடுங்கள். தலைக்கவசத்தில் மாட்டும் ஆக்‌ஷன் கேமரா வேண்டாம். வாங்கிப் பார்த்தேன், அதில் குதிரையின் காது மட்டும்தான் தெரியும். நம் தோள் எங்கே சாய்கிறது என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்?

என் வீடியோவில் தெரிந்தது இது: பீப்பாய்க்கு வெகு முன்னாலேயே நான் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறேன். நான் சாய்ந்ததும் மிளகும் தோளை உள்ளே போடுகிறாள். அவள் தோள் போன இடத்தில் என் கால் இடிக்கிறது.

படி 3: பீப்பாயைப் பார்க்காதீர்கள்

கண் போன இடத்துக்கு உடம்பு போகும், உடம்பு போன இடத்துக்குக் குதிரை போகும். முதல் பீப்பாயைச் சுற்றி வெளியே வந்ததும் இரண்டாவது பீப்பாயையே குறிவைத்தால் நேராக அதன் மேல் போய் நிற்பீர்கள். அதற்கு வலப்புறத்தில், அதாவது மூன்றாவது பீப்பாய் இருக்கும் பக்கத்தில், சில அடி தள்ளி மண்ணில் ஓர் இடத்தைப் பாருங்கள். நுழையும்போது பீப்பாய்க்கும் குதிரைக்கும் நடுவே விடும் இந்த இடைவெளியைப் பாக்கெட் என்பார்கள். எனக்கு நாலு அடி சரியாக வருகிறது. உங்கள் குதிரை அகலமாகத் திரும்புகிறதா, ஒட்டித் திரும்புகிறதா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். தொடக்கத்தில் அந்த இடத்தில் ஒரு சிறிய ஆரஞ்சு கோனை வைத்துக்கொள்ளலாம்.

படி 4: உட்காருவது வேறு, திருப்புவது வேறு

நான் மூன்று மாதம் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

பீப்பாயை நெருங்கும்போது குதிரை வேகத்தைச் சுருக்கிப் பின்னங்கால்களைத் தன் வயிற்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ரேட் செய்வது என்பது இதுதான். அதற்கான சைகை, முன்னே சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நாம் சேணத்தில் அழுந்த உட்காருவது. குதிரையைத் திருப்புவது அதற்கு அடுத்த வேலை. நான் இரண்டையும் ஒரே நொடியில் செய்தேன். உட்காரும்போதே கடிவாள வாரை இழுத்தேன். சுருங்காத குதிரை திரும்பினால் தோளால்தான் திரும்பும், தோள் பீப்பாய் மேல்தான் விழும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். குதிரை வினாடிக்கு 30 அடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இப்போது’ என்று மனம் சொல்லி இடுப்பு அசைவதற்கு 0.2 வினாடி ஆனால் அதற்குள் 6 அடி கடந்துவிடும். பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்தபின் உட்கார நினைத்தால், நிஜமாக உட்காரும்போது அதைத் தாண்டியிருப்போம். சரி, அதற்காக ரொம்ப முன்னாலேயே உட்கார்ந்தால்? குதிரை அங்கேயே திரும்பிவிடும், பீப்பாய் கீழே. நான் இரண்டு தப்பையும் மாறி மாறிச் செய்திருக்கிறேன்.

நான் செய்த பயிற்சி இது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒன்றரைக் குதிரை நீளம் முன்னால் மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு. முதலில் வெறும் நடை. கோடு வந்ததும் வாய்விட்டு “உட்கார்” என்று சொல்லி உட்கார வேண்டும், வாரைத் தொடக் கூடாது. பிறகு என் முழங்கால் பீப்பாய்க்கு நேரே வந்ததும் “திருப்பு”. இரண்டு சொல், நடுவே ஒரு மூச்சு. மனதுக்குள் சொன்னால் பயனில்லை, இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் களத்தில் இருந்தவர்கள் இது என்ன மொழி என்று கேட்டார்கள். மிளகுக்கு இப்போது இரண்டு தமிழ்ச் சொல் தெரியும்.

நடையில் பத்து முறை சரியாக வந்தபின் ட்ராட் (துள்ளோட்டம்), அப்புறம் லோப். வேகம் கூடக் கூடக் கோட்டைப் பீப்பாயிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முழுப் பாய்ச்சலை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வைக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் குதிரை களத்தைக் கண்டாலே படபடக்கத் தொடங்கும்.

படி 5: கொம்பைத் தள்ளுங்கள், இழுக்காதீர்கள்

உட்காரும் அதே நேரத்தில் வெளிப்பக்கக் கை வாரை விட்டுவிட்டுச் சேணத்தின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைப் பிடிக்கும். உள்பக்கக் கை மட்டும் வாரில் இருக்கும். பலரும் கொம்பைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். இழுத்தால் தோள் முன்னே வரும், இடுப்பு எழும்பும். தள்ளினால் இருக்கையில் ஆழமாக அழுந்துவீர்கள், முதுகு தானாக நிமிரும். வீட்டு நாற்காலியின் கைப்பிடியில் செய்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வாரை இழுத்துத்தான் குதிரை திரும்புகிறது என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து 10 முறை உலகப் பட்டம் வென்றவர் சார்மெய்ன் ஜேம்ஸ். அவருடைய குதிரை ஸ்கேம்பர். 1985இல் லாஸ் வேகாஸில் நடந்த தேசிய இறுதிப் போட்டியின் ஒரு சுற்றில் ஸ்கேம்பரின் கடிவாளம் அறுந்து கழன்றுவிட்டது. அப்படியே மூன்று பீப்பாயையும் சுற்றி முடித்து அந்தச் சுற்றையும் வென்றார்கள்.

படி 6: கை மாற்றம்

முதல் பீப்பாயில் வலக் கை வாரில், இடக் கை கொம்பில். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தலைகீழ். நடுவிலுள்ள அந்த 90 அடிக்குள் இரண்டு கையும் வாருக்குத் திரும்ப வேண்டும், குதிரை நேராக வேண்டும், வல லீட்டிலிருந்து இட லீட்டுக்கு மாற வேண்டும். நாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் குதிரையால் லீட் மாற்ற முடியாது. ஆகவே இங்கே நம் வேலை நடுவில் உட்காருவதுதான்.

கை மாற்றத்தைக் குதிரை மேல் கற்காதீர்கள், பாவம் அதன் வாய். சாப்பாட்டு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, முதுகுச் சட்டத்தில் ஒரு துண்டைக் கட்டி இரவில் இருபது தடவை செய்தேன். என் மகள் சிரித்தாள், சிரிக்கட்டும். வார் வாங்கும்போது ஒரே துண்டாக வளைந்து வரும், முடிச்சுகள் போட்ட வாரை வாங்குங்கள். கை நழுவினாலும் கீழே விழாது, முடிச்சைத் தொட்டே நீளம் தெரியும். இரண்டாகப் பிரிந்த வார் இந்த விளையாட்டுக்கு ஆகாது என்பது என் பிடிவாதம்.

படி 7: வெளியேறுதல்

குதிரையின் உடல் முழுவதும் பீப்பாயைத் தாண்டும் முன்பே கண் அடுத்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். பிறகு இரண்டு கையும் வாரில், உடம்பு முன்னே, விடுங்கள் ஓடட்டும்.

பின்சேர்க்கை

எழுதி இரண்டு வாரத்தில் மூன்று பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள்: உட்கார்ந்தால் குதிரை சுருங்கவே இல்லை. நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கோட்டுக்கு வரும்வரை நீங்கள் எழும்பி முன்னே சாய்ந்து ஓட்டியிருக்க வேண்டும். முழு நேரமும் உட்கார்ந்தே வந்தால், கோட்டில் உட்காருவது குதிரைக்கு எப்படித் தெரியும்? களத்துக்கு வெளியே நேர்க்கோட்டில் லோப், உட்கார், நில் என்று சில நாள் பழக்கிவிட்டு வாருங்கள்.

அங்கவடியில் கால் நழுவாமல் இருக்க ரப்பர் பட்டை போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடுபவர்கள் நிறைய. ஆனால் விழும்போது கால் உடனே விடுபட வேண்டும் என்ற பயம் எனக்கு உண்டு, அதனால் போடுவதில்லை. தொப்பிக்குப் பதில் தலைக்கவசம்தான் அணிகிறேன், படத்தில் அழகாக இல்லை என்று அம்மா சொன்னபோதும்.

மிளகு போன சனிக்கிழமை மூன்றையும் நிற்கவைத்துவிட்டாள். நேரம் சொல்லும்படி இல்லை.